எண்ணப்படாத சக்கரங்கள்

(மயிலை மாங்கொல்லைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று மாலை மாங்கொல்லைக்கு எத்தனை பேர் மோட்டார் சைக்கிளில் வந்தீர்கள் என்று கேட்டால், கைகள் காடுபோல் உயரும். காரில் வந்தோர் எத்தனை பேர் என்று கேட்டால், சில கைகள் தயங்கித் தயங்கி உயரும். மிதிவண்டியில் வந்தோர் எத்தனை பேர் என்று கேட்டால்? அதோ, மேடைக்கு வலப்புறம், ஒலிபெருக்கியின் அடியில், தம் சைக்கிளின் மேல் சாய்ந்தபடி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாரே சுக்குக் காபி விற்கும் பெரியவர், அவருடைய கை ஒன்றுதான் உயரும். அந்த ஒற்றைக் கையைப் பற்றியே இன்று நான் பேசப்போகிறேன்.

அரசியல் மேடையில் சைக்கிள் பேச்சா என்று சிலர் புருவம் நெரிக்கக்கூடும். நாட்டில் விலைவாசி இருக்கிறது, வேலையின்மை இருக்கிறது, உரிமைப் பிரச்சினைகள் மலைபோல் குவிந்திருக்கின்றன, இவனோ சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கிறானே என்று கேட்கக்கூடும். கேட்கட்டும். விலைவாசி ஏறியபோது பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்தக் கால்களை நம்பியவன் எவனோ, அவனுடைய சக்கரம் அது. வேலை தேடி விடியுமுன் புறப்பட்டவன் எவனோ, அவனுடைய சக்கரம் அது. அந்தச் சக்கரம் உருள ஓரடி இடம் இல்லாத நகரத்தில் உரிமை பேசுவது எங்ஙனம்? சாலை என்பது தாரும் கல்லும் கலந்த பொருள் மட்டும் அன்று. யாருக்கு எவ்வளவு இடம் என்று அரசு போட்டுக் கொடுத்திருக்கும் பாகப் பத்திரம் அது. பாகப் பிரிவினை அரசியல் இல்லையென்றால், வேறு எதுதான் அரசியல்?

ஆற்றுப்படையின் நாடு இது

வழி காட்டுவதற்கென்றே ஓர் இலக்கிய வகையைக் கண்டவர்கள் தமிழர்கள். ஆற்றுப்படை என்று அதற்குப் பெயர். ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் பாதி, ஐந்து நூல்கள், ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்புகின்ற கலைஞன், வறுமையோடு எதிரே வருகின்ற கலைஞனைக் கண்டு, எவ்வழியே செல், எங்கே தங்கு, எதற்கு அஞ்சு என்று சொல்லி அனுப்புகிறான். மலைபடுகடாத்தை எடுத்துப் பாருங்கள். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, கால் வழுக்கும் பாறை எங்கே, காவலர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும் என்று, வழியின் இடர்கள் அத்தனையையும் வரிசையாகச் சொல்கிறார் பெருங்கௌசிகனார். சிலப்பதிகாரத்திலோ, மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளையும், ஒவ்வொன்றிலும் உள்ள நலத்தையும் நலிவையும், மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு விரித்துரைக்கிறான்.

இதில் ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஆற்றுப்படையில் வழி சொல்பவன் யார்? அரண்மனை மாடத்திலிருந்து பார்த்தவன் அல்லன். அந்த வழியில் நடந்து வந்தவன். வழி கேட்பவன் யார்? பல்லக்கில் போகிறவன் அல்லன். பசித்த வயிற்றோடு நடப்பவன். நடந்தவன் சொல்ல, நடப்பவன் கேட்டது தமிழன் கண்ட வழிகாட்டும் முறை.

இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. நகரத்தில் மிதிவண்டித் தடம் எங்கே போட வேண்டும் என்பதை வரைபடமும் கணக்கும் கலந்து கணினி சொல்லும் காலம் இது. அதை நான் பழிக்க வரவில்லை. கல்லூரியை இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்டு நாடகக் கொட்டகைக்குள் நுழைந்தவன் நான். ஆயினும் அறிவியலைக் கண்டு அஞ்சுகிற கூட்டத்தில் சேர்ந்தவன் அல்லன். கணினி வரட்டும், கணக்கு வரட்டும். ஆனால் அந்தக் கணினியின் காதில் ஓதுகிறவர் யார் என்பதே என் கேள்வி.

கணினி கணக்கிடும் விதம்

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். புரியாததைக் கும்பிடுவதும் கூடாது, புரியாததைத் திட்டுவதும் கூடாது.

கணினிக்கு மயிலாப்பூர் என்றால் கோபுரமும் தெரியாது, குளமும் தெரியாது. தெருக்கள் கூடும் இடமெல்லாம் அதற்குப் புள்ளிகள். புள்ளிகளை இணைக்கும் தெருக்களெல்லாம் கோடுகள். நம் வீட்டுப் பெண்கள் வாசலில் இடுகின்ற கோலம் போன்றது என்று கொள்ளுங்கள். லஸ் முனை ஒரு புள்ளி, மந்தைவெளி ஒரு புள்ளி, பனகல் பூங்கா ஒரு புள்ளி. ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்கு மிகக் குறுகிய வழி எது? 1956-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் காபிக் கடையொன்றில் உட்கார்ந்து, தாளும் எழுதுகோலும் இல்லாமல், இருபதே நிமிடத்தில் அதற்கு விடை கண்டார் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு இளைஞர். 1959-இல் அது அச்சேறியது. இன்று நம் செல்பேசி வழி சொல்லும்போதெல்லாம் அந்தக் காபிக் கடைக் கணக்கின் வழித்தோன்றல்களே வேலை செய்கின்றன.

ஆனால் மிதிவண்டிக்காரன் குறுகிய வழியை மட்டுமா பார்க்கிறான்? உயிரோடு வீடு திரும்பும் வழியைப் பார்க்கிறான். மலைபடுகடாம் பாடியவர் அறிந்திருந்த இந்த உண்மையை அமெரிக்க ஆய்வாளர்கள் 2012-இல் கணக்காக வடித்தார்கள். தெருக்களை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். குழந்தையும் அச்சமின்றி ஓட்டும் தெரு முதற்படி. பெரியவர்களில் பெரும்பாலோர் பதறாமல் ஓட்டும் தெரு இரண்டாம் படி. பழகியவர்கள் மட்டும் ஓட்டும் தெரு மூன்றாம் படி. துணிந்தவனைத் தவிர வேறு எவனும் இறங்காத தெரு நான்காம் படி. எத்தனை வரிசை வண்டிகள் ஓடுகின்றன, என்ன வேகத்தில் ஓடுகின்றன, குறுக்கே கடக்க வேண்டிய சாலை எவ்வளவு அகலம் என்பவற்றைக் கொண்டு கணினி ஒவ்வொரு தெருவுக்கும் படி போடுகிறது.

இந்தக் கணக்கு காட்டும் உண்மை திடுக்கிட வைப்பது. ஒரு நகரத்தில் அமைதியான தெருக்கள் ஆயிரம் இருக்கலாம். ஆயினும் அவை தீவுகளாக இருக்கும். மந்தைவெளியின் உட்தெருக்களில் பத்து வயதுச் சிறுமி பாட்டுப் பாடிக்கொண்டே சைக்கிள் ஓட்டலாம். ஆனால் தெருக்கோடியில் ராமகிருஷ்ண மடம் சாலை வந்துவிடுகிறது. கிழக்கே சாந்தோம் நெடுஞ்சாலை வந்துவிடுகிறது. அங்கே அவளுடைய தீவு முடிகிறது, கடல் தொடங்குகிறது. நீரில்லாத கடல், பேருந்தும் லாரியும் அலையடிக்கும் கடல். தடம் எத்தனை கிலோமீட்டர் போட்டோம் என்று மார்தட்டுவதில் பொருளில்லை. தீவுகளை இணைத்தோமா என்பதே கேள்வி. ஸ்பெயின் நாட்டின் செவில் நகரம் 2006-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தடத்தை, இங்கொன்று அங்கொன்றாக அல்லாமல், ஒரே தொடர்வலையாகப் பின்னியது. அதற்குப் பிறகே அங்கே மிதிவண்டிப் பயணங்கள் பல மடங்கு பெருகின.

மூன்று பாலங்களின் கதை

நம் பகுதிக்கு வாருங்கள். மயிலையையும் அடையாற்றையும் பிரிப்பது ஆறு. கடலிலிருந்து மேற்கே வந்தால், முதலில் திரு.வி.க. பாலம், அடுத்துக் கோட்டூர்புரம் பாலம், அதற்கடுத்துச் சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம். தெற்கேயிருந்து மயிலைக்கும் தியாகராய நகருக்கும் போகிறவர்கள் எந்தச் சந்தில் புகுந்து எந்தச் சந்தில் வெளிப்பட்டாலும், கடைசியில் இவற்றுள் ஒன்றின் மேல் ஏறித்தான் ஆகவேண்டும். நகரத்தின் எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்து, எந்தக் கோட்டின் வழியே மிகுதியான பயணங்கள் கடந்தே தீரவேண்டியிருக்கிறது என்று கணினி எண்ணும். அந்த எண்ணிக்கையில் பாலங்கள் சிவந்து நிற்கும். நூறு தெருக்களில் தடம் போட்டுவிட்டுப் பாலத்தை விட்டுவிட்டால், நூறு மாலை கட்டி நாரை அறுத்துவிட்டதற்கு ஒப்பாகும்.

திரு.வி.க. யார்? 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது முன்னின்றவர்களுள் ஒருவர். தமிழ்நடையால் உரைநடையையும், தொண்டால் தொழிலாளர் இயக்கத்தையும் வளர்த்தவர். அந்தத் தொழிலாளர் தோழரின் பெயர் தாங்கிய பாலத்தில், விடியற்காலையில் வேலைக்குப் போகும் தொழிலாளியின் சைக்கிளுக்கு எவ்வளவு இடம் என்று அளந்து பாருங்கள். பெயரைப் பாலத்துக்குக் கொடுத்தோம். இடத்தை யாருக்குக் கொடுத்தோம்?

அந்தப் பாலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் நாடகக் குழுவில் திரை இழுத்துக்கொண்டிருந்தவர் ஒருவர். நாடகம் இல்லாத நாட்களில் அடையாற்றில் ஓர் அடுக்ககத்தின் இரவுக் காவலாளி. காலை ஐந்தரை மணிக்குப் பணி முடித்து, சைக்கிளில் பாலம் ஏறிப் பட்டினப்பாக்கத்திலுள்ள வீட்டுக்குத் திரும்புவார். ஒருநாள் பின்னால் வந்த ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. உயிர் பிழைத்தார், கால் பழைய கால் ஆகவில்லை. சைக்கிளை விற்றார். இப்போது வாங்கும் சம்பளத்தில் ஒரு பகுதி ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் போகிறது. திரை இழுக்க வருவதும் நின்றுவிட்டது.

தோழர்களே, இதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. மறுவாரம் யாரேனும் அந்தப் பாலத்தில் நின்று சைக்கிள்களை எண்ணியிருந்தால், ஒன்று குறைந்திருக்கும். கணினியில் அந்த எண் ஏறியிருக்கும். மிதிவண்டியை மக்கள் விரும்பவில்லை என்று அது அறிக்கை எழுதியிருக்கும். இடித்துத் தள்ளப்பட்டவன் இறங்கிக்கொண்டான் என்று அதற்குத் தெரியாது. விரும்பி விட்டான் என்றே அது எழுதும்.

எண்கள் பேசும் ஏக்கம்

அந்த ஒரு மனிதரின் கதையைப் பல்லாயிரமாகப் பெருக்குங்கள். சென்னையின் கணக்குக் கிடைக்கும். 1970-இல் இந்நகரத்தின் பயணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிதிவண்டியில் நடந்தது. 1992-இல் அது நூற்றுக்கு 14. 2008-இல் நூற்றுக்கு 6. அதே 2008-இல் மோட்டார் பொருத்திய இருசக்கர வண்டிகளின் பங்கு நூற்றுக்கு 25.

எண்ணெய் மிதிவண்டியை வென்றுவிட்டது, இது காலத்தின் போக்கு என்பார்கள். காலம் தானாகப் போகவில்லை, தோழர்களே. அதைத் தள்ளிக்கொண்டு போனார்கள். திட்டமிடுவோர் இன்றைய வண்டிகளை எண்ணுவார்கள். அதே விழுக்காட்டில் நாளைய வண்டிகளைக் கணிப்பார்கள். கார்கள் பெருகும் என்று கணக்கு வரும். கார்களுக்காகச் சாலை அகலும். அகன்ற சாலையில் வேகம் கூடும். வேகம் கூடிய சாலையில் சைக்கிள் இறங்கத் துணியாது. அடுத்த முறை எண்ணும்போது சைக்கிள் இன்னும் குறைந்திருக்கும். பார்த்தீர்களா, எங்கள் கணக்கு பலித்துவிட்டது என்பார்கள்! நேற்றைய அநீதியை இன்றைய புள்ளிவிவரமாக்கி, அதையே நாளைய விதியாக்கும் வித்தை இது. பள்ளிக்கூடமே இல்லாத ஊரில் படித்தவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, இந்த ஊருக்குப் படிப்பில் நாட்டமில்லை, பள்ளி வேண்டாம் என்று எழுதிவைத்தால் அதை நாம் ஒப்புக்கொண்டிருப்போமா? கொதித்தெழுந்திருக்க மாட்டோமா?

நாடகம் எழுதுகிறவனுக்கு எதையும் காட்சியாகப் பார்த்தே பழக்கம். ஒரு சிறு காட்சி.

இடம்: திட்ட அலுவலகம்.

அதிகாரி: இந்தச் சாலையில் மிதிவண்டிக்குத் தனித்தடம் வேண்டுமா?

கணினி: எத்தனை மிதிவண்டிகள் போகின்றன?

அதிகாரி: காலை பத்து மணிக்கு எண்ணினோம். மிகக் குறைவு.

கணினி: அப்படியானால் தேவையில்லை.

(வாயிலில் நிற்கும் காவலாளி உள்ளே எட்டிப் பார்க்கிறார்.)

காவலாளி: ஐயா, நான் விடியற்காலை ஐந்தரை மணிக்கே போய்விட்டேனே!

கணினி: ஐந்தரை மணி எனக்குத் தரப்படவில்லை.

திரை விழுகிறது. இதில் குற்றவாளி கணினியா? இல்லை. கொடுத்ததைக் கொண்டு கூட்டிச் சொல்வது கணினி. எதைக் கொடுப்பது என்று தீர்மானிப்பது மனிதன்.

யார் எண்ணப்படுகிறார்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நல்ல கேள்வியொன்றைக் கேட்டது. பயிர்த்தொழிலும் வீட்டுத்தொழிலும் தவிர்த்த பிற தொழிலாளர்களிடம், வேலைக்கு எவ்வளவு தொலைவு போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்று கேட்டது. நடந்தா, மிதிவண்டியிலா, பேருந்திலா என்று பிரித்து அட்டவணையும் வெளியிட்டது. ஆனால் அந்த அட்டவணை, எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு என்று சொல்லாது. எவ்வளவு தொலைவு என்று அறிந்து, எந்தத் திசை என்று அறியாமல், தடம் போடுவது எப்படி? 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்போ அந்த ஆண்டில் நடக்கவில்லை.

இங்கிலாந்தில் வேறு விதம். அதே 2011-இல் அங்கே எடுத்த கணக்கில், எந்தப் பகுதியில் குடியிருப்போர் எந்தப் பகுதிக்கு வேலைக்குப் போகிறார்கள் என்ற விவரம் இருந்தது. அதை வைத்து ஆய்வாளர் குழுவொன்று, அரசின் பொருளுதவியோடு, யாரும் இணையத்தில் திறந்து பார்க்கத்தக்க கருவியொன்றைச் செய்து 2017-இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டது. இன்று எத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்பதோடு அது நிற்கவில்லை. தொலைவையும் மேட்டையும் பார்த்து, பாதை இருந்தால் எத்தனை பேர் ஓட்டக்கூடும் என்று கேட்டது. டச்சுக்காரர்களைப் போல் ஓட்டினால் எவ்வளவு? பெண்களும் ஆண்களுக்குச் சமமாக ஓட்டினால் எவ்வளவு? எந்தச் சாலையில் எத்தனை பேர் கூடுவார்கள்? அத்தனைக்கும் அந்தக் கருவி வரைபடத்தில் விடை வரைந்தது. ‘இருப்பது என்ன’ என்பதோடு ‘இருக்கக்கூடியது என்ன’ என்றும் கேட்கும் கணக்கு அது. சீர்திருத்தம் என்பதே அந்த இரண்டாவது கேள்வியில்தானே பிறக்கிறது!

பெண்கள் சமமாக ஓட்டினால் என்ன ஆகும் என்று இங்கிலாந்து கணினியில் கேட்டதற்குப் பல ஆண்டுகள் முன்பே, நம் புதுக்கோட்டை அதை மண்ணில் செய்து காட்டியது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுக்க, பல்லாயிரம் சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி ஏறினார்கள். நேற்றைய எண்ணிக்கையைப் பார்த்து நாளைக் கணித்திருந்தால், அந்தப் பெண்களை எந்தக் கணக்கும் கண்டிருக்காது.

இங்கே கணக்கெடுப்பின் குறையை நிரப்பச் செல்பேசிச் செயலிகளின் தடங்களைப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். பயன்படுத்தட்டும். ஆனால் ஓட்டத்தைப் பதிவு செய்யும் செயலியை யார் வைத்திருக்கிறார்? ஞாயிறு காலையில் தலைக்கவசம் அணிந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரையும் நண்பர் வைத்திருக்கிறார். அவர்மீது எனக்குச் சினமில்லை. அவரும் நம் தோழரே. ஆனால் இஸ்திரித் துணிக் கட்டோடு போகிறவர், தேநீர்க் கேனோடு போகிறவர், தியாகராய நகர்த் துணிக்கடையில் இரவு கதவடைத்துவிட்டு வீடு திரும்பும் இளைஞர், இவர்கள் தம் பாட்டைப் பதிவு செய்துகொண்டா ஓட்டுகிறார்கள்? செயலியின் வரைபடத்தில் உடற்பயிற்சியின் தடம் ஒளிரும். பிழைப்பின் தடம் இருண்டு கிடக்கும். ஒளிரும் இடத்தில் தடம் போட்டால், உழைப்பவன் இருட்டிலேயே மிதிப்பான்.

வாக்காளர் பட்டியலின் அருமை உங்களுக்குத் தெரியும். தேர்தலுக்கு முன் தெருத்தெருவாகச் சென்று, விடுபட்ட பெயரைச் சேர்த்து, பட்டியலை வரிவரியாகச் சரிபார்க்கும் கூட்டம் நாம். பட்டியலில் பெயரில்லாதவன் வாக்கில்லாதவன் என்பது நமக்குப் பாடம். வரைபடமும் ஒரு வாக்காளர் பட்டியலே. அதில் தடம் இல்லாதவனுக்குச் சாலையில் இடம் இல்லை.

வாக்கும் வழியும்

சென்னை சும்மா இருக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். 2014-இல் மாநகராட்சி, இந்திய நகரங்களில் முதலாவதாக, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் நூற்றுக்கு 60 பங்கு நடப்போருக்கும் மிதிவண்டியோருக்கும் என்றது. 2018-க்குள் அவர்களில் ஒருவர்கூடச் சாலையில் சாகாத நிலை வேண்டும் என்று இலக்கு வைத்தது. சாலைகள் பலவற்றில் நடைபாதை அகன்றது. 2019-இல் பாண்டி பஜாரில் நடப்போர் வளாகம் திறக்கப்பட்டது. குடும்பங்கள் கைகோத்து நடக்கின்றன. பாராட்டுகிறேன், மனதாரப் பாராட்டுகிறேன். நடப்பவன் பங்கில் கொஞ்சம் கிடைத்தது. மிதிப்பவன் பங்கு எங்கே? 2018 வந்து போயிற்று. சாவில்லாச் சாலை எங்கே?

தியாகராய நகர் தானாக முளைத்த ஊர் அன்று. 1920களில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், மாம்பலத்து நெடிய ஏரிப் பரப்பைத் தூர்த்து, கோடு போட்டு, தெருப் பிரித்து, பூங்கா அமைத்து, திட்டமிட்டுக் கட்டிய நகர் அது. பிட்டி தியாகராயரின் பெயர் ஊருக்கு. பனகல் அரசரின் பெயர் பூங்காவுக்கு. கணினி இல்லாத காலத்தில், காகிதத்தின் மேல் அளவுகோல் வைத்துக் கனவு கண்டவர்கள் அவர்கள். அளவுகோல் வைத்திருந்தவர்கள் அவ்வளவு செய்தார்கள் என்றால், கணினி வைத்திருக்கும் நாம் எவ்வளவு செய்ய வேண்டும்?

வாய்ப்பும் வாயிலில் நிற்கிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத் தடங்கள் மயிலை, மந்தைவெளி, அடையாறு, பனகல் பூங்கா என்று இதே மூன்று பகுதிகளின் அடியில்தான் செல்கின்றன. அதற்காகத் தோண்டிய சாலைகளை மூடி மீண்டும் போடத்தானே வேண்டும்? பழைய பாகப் பத்திரத்தின்படியே போடுவதா, புதிய பங்கு எழுதுவதா? மேடு பள்ளம் அதிகம் இல்லாத ஊர் இது. மிதிப்பவனுக்கு இயற்கை தந்த வரம். வெயில் ஒன்றே பகை. எந்தத் தெருவில் எந்த மணிக்கு நிழல் விழும் என்பதையும் கணினியால் கணக்கிட முடியும். அம்பத்தூரில் சைக்கிள் செய்கிறோம். அரசு, மாணவ மாணவியர்க்கு விலையின்றிச் சைக்கிள் கொடுக்கிறது. மகளுக்குச் சைக்கிள் கொடுத்த அரசு, அவள் ஓட்டிப் போகப் பாதையும் கொடுக்க வேண்டாமா? பேனாவைக் கொடுத்துவிட்டுத் தாளை மறுக்கலாமா?

நம் பங்குக் குற்றம்

பிறரைக் கேட்ட வாயால் நம்மையும் கேட்டுக்கொள்வோம். ஒரு காலத்தில் இயக்கத் தோழனின் அடையாளம் என்ன? சைக்கிள் கைப்பிடியில் தொங்கும் பசை வாளி, பின்னிருக்கையில் சுவரொட்டிக் கட்டு. நானே இரவெல்லாம் அப்படி மிதித்தவன். இன்று? தலைவர் வருகிறார் என்றால் கொடி கட்டிய கார்கள் ஐம்பது அணிவகுக்கின்றன. அவை கடக்கும்வரை சைக்கிள்காரன் சாக்கடை ஓரத்தில் ஒரு காலை ஊன்றி நிற்கிறான். வளைவு நடச் சாலையோரத்தில் குழி தோண்டுகிறோம், மூடாமல் போகிறோம். அந்தக் குழியில் இறங்குவது யாருடைய சக்கரம்? ஏழைக்காகப் பேசுகின்ற இயக்கம், ஏழையின் சக்கரத்தை ஓரம் கட்டலாமா? இதைச் சொன்னதற்காகத் தோழர்கள் என்மேல் கோபித்தாலும் சரி, குழியை மூடிவிட்டுக் கோபியுங்கள்.

செய்ய வேண்டியது

கைதட்டலோடு கலைந்து போகும் கூட்டமாக இது இருக்கக்கூடாது. ஒரு வேலை தருகிறேன். வாரநாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விடியற்காலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை, இரவு ஒன்பது முதல் பதினொன்று வரை, திரு.வி.க. பாலத்தின் இரு முனைகளிலும், கோட்டூர்புரம் பாலத்திலும், லஸ் முனையிலும், பனகல் பூங்காவின் அருகிலும் இருவர் இருவராக நில்லுங்கள். கையில் தாளும் எழுதுகோலும் போதும். கால்மணிக்கு ஒரு கட்டம் போடுங்கள். கடந்து போகும் மிதிவண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. ஆணா, பெண்ணா, மாணவரா? சுமை உண்டா? எந்தத் திசை? தேநீர்க் கடையில் நிற்பவரிடம் மட்டும் பணிவாகக் கேளுங்கள்: ஐயா, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், எந்த இடத்தில் அச்சம்? அவருடைய பெயர் வேண்டாம். அவருடைய வழி போதும்.

கணினி அறிந்த இளைஞர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். 2004 முதல் உலகத் தன்னார்வலர்கள் கூடி வரைந்து வரும் திறந்த தெரு வரைபடம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. யாரும் அதில் தம் தெருவைத் திருத்தலாம். விளக்கில்லாத இடம், குழி விழுந்த ஓரம், சைக்கிள் நுழையும் சந்து, தெருவின் உண்மையான அகலம் என எல்லாவற்றையும் அளந்து சேர்க்கட்டும். விலையின்றிக் கிடைக்கும் வரைபட மென்பொருளில் நம் எண்ணிக்கையை ஏற்றட்டும். ஐந்தரை மணியைக் கணினிக்குக் கொடுங்கள்! பிறகு அதைக் கையில் ஏந்தி வார்டுக் குழுவுக்கும் மாநகராட்சிக்கும் செல்வோம். கோஷம் மட்டும் கொண்டு போனால் கோப்பில் இடம் கிடைக்காது. கணக்கும் கொண்டு போனால் கோப்பு திறந்தே தீரும்.

அப்போது கணினி சொல்வது, நடந்து வந்தவன் சொன்ன வழியாக இருக்கும். அதுவே இந்த நூற்றாண்டின் ஆற்றுப்படை.

கடைசியாக, இதை ஏட்டில் படிக்கின்ற நண்பருக்கு ஒரு சொல். ஞாயிறு காலை, நீங்கள் கண் விழிக்குமுன், இந்த ஏடு உங்கள் வாசலில் வந்து விழுந்தது. போட்டுவிட்டுப் போனவன் சைக்கிளில் வந்தவனாக இருக்கலாம். இருட்டில் மிதித்து, பாலம் ஏறி, லாரிக்கு ஒதுங்கி, உங்கள் தெருவுக்கு வந்தவன். அவனை எந்தக் கணக்கும் எண்ணியதில்லை. தமிழில் எண்ணுதல் என்றால் கணக்கிடுதல். எண்ணுதல் என்றால் நினைத்தலும்கூட. அவனை எண்ணுங்கள். இரண்டு பொருளிலும் எண்ணுங்கள்.